இனிப்புக் கை

தாங்கெராங்
7 ஆகஸ்ட் 1994

மரியாதைக்குரிய வினார்சி அக்காவுக்கு, பூர்வந்தி எழுதுகிறேன்.

இறைவன் அருளால் கைகால் சேதமில்லாமல் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் வாந்தி, அவ்வளவுதான். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பர்ஜோ அத்தானின் இருமல் குறைந்ததா?

ஓர் அறையில் ஏழு பேர் இருக்கிறோம். தொழிற்சாலையில் தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூல் நுனிகளை வெட்டுவது என் வேலை. காலையில் கையில் எடுக்கும் சின்னக் கத்தரியைச் சாயங்காலம்தான் கீழே வைக்கிறேன். அதற்குப் பிறகு விரல் மடங்க மறுக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள்.

ருக்மி விழித்ததும் என்ன செய்தாள்? எழுதாதீர்கள் அக்கா. இல்லை, எழுதுங்கள். தூங்கும்போதே கிளம்பிவிடு என்று நீங்கள் சொன்னது நல்லதுக்குத்தான். ஆனாலும் மூன்று வயதுகூட நிறையாத பிள்ளையிடம் சொல்லாமல் ஓடிவந்தவள் நான். இங்கே யாராவது "உனக்குப் பிள்ளை உண்டா?" என்று கேட்டால் திருடி மாதிரி முழிக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் இடது கைதான் முன்னால் வருகிறது. திருத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை. காலிமந்தானுக்கு மரம் வெட்டப் போன மனுஷனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, இப்போது நானும் ஊரில் இல்லை. நாளைக்கு அவள் பெரியவர் யாருக்காவது இடது கையால் தண்ணீர் நீட்டினால் என்ன பேசுவார்கள்? பெற்றவள் இதைக்கூடச் சொல்லித் தராமல் போட்டுவிட்டுப் போனாள் என்பார்கள். நீங்கள் பிள்ளைகளைப் பழக்கப் பயிற்சியெல்லாம் எடுத்தவர். எப்படியாவது வலது கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கண்டித்தாலும் பரவாயில்லை.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
பூர்வந்தி


காராங்சாரி
28 ஆகஸ்ட் 1994

அன்புள்ள பூர்,

உன் கடிதம் வந்தது. நீ உயிரோடு இருக்கிறாய் என்பதில் சந்தோஷம். என் முழங்கால் உன்னை மாதிரிதான், சிணுங்கிக்கொண்டே இருக்கும், வேலையும் செய்யும். உன் அத்தானின் இருமல் சுருட்டோடு வந்தது, சுருட்டு போனால்தான் போகும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ருக்மி இரண்டு நாள் தேடினாள். பிறகு சரியாகிவிட்டாள். நீ கண்ணைக் கசக்காதே.

அவள் இப்போது என் தாய்-சேய் குழுவில் ஒருத்தி. வாரம் ஒருமுறை தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்க் கூடத்துக்கு வருகிறார்கள். விளையாட்டிலேயே கைவேலை பழக்குவது எப்படி என்று நான் செய்து காட்டுகிறேன். இந்த மாதம் கத்தரிக்கோல். கத்தரிக்கோல் என்றதும் தாய்மார்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ டீச்சர், காதை வெட்டிக்கிட்டா?" என்றாள் சூகினெம். உனக்குத்தான் அவளைத் தெரியுமே, வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

எடுத்ததும் கத்தரியைக் கொடுத்துவிடுவோமா என்ன? முதலில் கிழிக்க விடுவேன். பழைய செய்தித்தாள், காய்ந்த வாழையிலை, எது கிடைத்தாலும் கிழிக்கலாம். அடுத்தது துணி கிளிப்பை அழுத்தித் திறப்பது. பிறகுதான் மழுங்கின சின்னக் கத்தரி. அது முதலை. முதலை வாயைத் திறக்கும், ஆ... மூடும், லபக்! பிள்ளைகளின் கட்டைவிரல் நகத்தில் மையால் ஒரு முகம் வரைந்துவிடுவேன். அந்த ஆள் எப்போதும் வானத்தைப் பார்க்க வேண்டும், கவிழ்ந்தால் அவருக்கு மயக்கம் வந்துவிடும். பாங்குன் என்கிற பயல் வேண்டுமென்றே கவிழ்த்து, "மயங்கிட்டாரு, மயங்கிட்டாரு!" என்று கத்துகிறான்.

கடைசியில் சந்தை விளையாட்டு. மரவள்ளி இலைக் காம்பையும் வள்ளைக்கீரைத் தண்டையும் துண்டு துண்டாக வெட்டிக் கூறு கட்டி விற்க வேண்டும். வாங்குகிறவர் இலையைக் காசாகக் கொடுப்பார். கொடுப்பதும் வாங்குவதும் இனிப்புக் கையால்தான், வலது கைக்கு அதுதானே நாம் பிள்ளைகளிடம் சொல்லும் பெயர். இடது கை நீண்டால் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, "இனிப்புக் கை எங்கே?" என்று கத்துவார்கள். உன் மகளும் அப்படித்தான் பழகுகிறாள். இடது கையில் கத்தரியைப் பிடித்தால் தாள் இரண்டு இதழுக்கும் நடுவே மடிந்து உட்கார்ந்துகொள்கிறது. கத்தரிக்கே பிடிக்கவில்லை பார்!

கவலையை விடு. உன் வேண்டுகோளை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

உன் அக்கா
வினார்சி


தாங்கெராங்
25 செப்டம்பர் 1994

அன்பு அக்கா,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, கொசுவைத் தவிர. அங்கே மழை எப்படி? மரவள்ளி நட்டாயிற்றா?

உங்கள் கடிதத்தை அறையில் உரக்கப் படித்தேன். முதலை வாய் கதையைக் கேட்டு எல்லாருக்கும் சிரிப்பு. என் பக்கத்துப் பாய்க்காரி வர்த்தி, "உன் பொண்ணும் கத்தரி, நீயும் கத்தரி, குடும்பமே வெட்டுற குடும்பமாடி?" என்கிறாள். இப்போது வேலை நேரத்தில் நானும் என் கட்டைவிரலைப் பார்த்துக்கொள்கிறேன், வானத்தைப் பார்க்கிறதா என்று.

சிரித்து முடித்ததும் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் தடவை அவள் வெட்டியதை நான் பார்க்கவில்லையே. யாரோ பெற்ற பிள்ளைகள் போடப்போகும் சட்டைக்கு நூல் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் வெட்டினது ஏதாவது ஒன்றை அடுத்த கடிதத்தில் வைத்து அனுப்புங்கள். தாறுமாறாக இருந்தாலும் சரி. எந்தக் கையால் வெட்டுகிறாள்? முழுக்க வலது கைக்கு வந்துவிட்டாளா?

அத்தானுக்கு என் வணக்கம்.

பூர்வந்தி


காராங்சாரி
30 அக்டோபர் 1994

அன்பு பூர்,

பதில் தாமதமாகிவிட்டது. மழை வந்ததும் நடவு வேலை கழுத்தைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் நலம்தான். உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

போன தடவை கூடத்தில் பிள்ளைகளுக்கு எடை பார்த்தபோது பிஸ்கட் கொடுத்தார்கள். ருக்மி தன் கையை நீட்டினாள். எந்தக் கை என்று நீயே ஊகித்துக்கொள். சூகினெம் விட்டுவிடுவாளா? "அம்மா டவுன்ல, பொண்ணு இடது கையில. டீச்சர் வீட்டுப் புள்ளையே இப்படின்னா நாங்க என்னத்தக் கத்துக்கறது?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காது சூடாக இருந்தது.

அதனால் இப்போது இன்னும் கொஞ்சம் கவனமாகப் பழக்குகிறேன். நீ கேட்டபடி அவள் வெட்டிய காகித மீன் ஒன்றை வைத்திருக்கிறேன். வால் கோணலாக இருக்கும், பார்த்துவிட்டுச் சிரிக்காதே.

அடுப்பில் சோறு இருக்கிறது. மற்றவை பிறகு.

வினார்சி


தாங்கெராங்
20 நவம்பர் 1994

அன்பு அக்கா,

எல்லாரும் சுகம்தானே? எனக்குச் சளி வந்து போனது, வேறொன்றுமில்லை.

மீன் வந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வயதில் இத்தனை நேராக வெட்டுகிறாளா? பாய்க்கு மேலே சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டேன். வர்த்தி, "இது மீனா செருப்பாடி?" என்றாள். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது வாலைத் தொட்டுவிட்டுப் போகிறேன்.

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? நான் செய்ய வேண்டியதையெல்லாம் நீங்கள் செய்கிறீர்கள். அவள் காய்ச்சலில் கிடக்கும்போது நெற்றியில் கை வைப்பது நீங்கள். நான் தூரத்தில் இருந்துகொண்டு அதைச் செய், இதைச் செய் என்று கடிதம் போடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

நோன்புப் பெருநாளுக்கு நிச்சயம் வருகிறேன். லீவு தருவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். அம்மா வருவாங்க, அம்மா வருவாங்க என்று ருக்மியிடம் தினமும் சொல்லுங்கள். வந்ததும் அவளும் நானும் உட்கார்ந்து ஒரு குளம் நிறைய மீன் வெட்டப் போகிறோம் என்று சொல்லுங்கள்.

உங்கள் பூர்


காராங்சாரி
8 ஜனவரி 1995

அன்பு பூர்,

நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

ருக்மி இப்போது நல்ல பிள்ளை. எதையும் வலது கையால்தான் கொடுக்கிறாள். முன்பு மாதிரி அழுவதில்லை. கூடத்தில் எல்லாரும் மெச்சுகிறார்கள். சூகினெம்கூட வாயை மூடிக்கொண்டாள்.

கத்தரிக்கோலில் மட்டும் இப்போதெல்லாம் அவளுக்கு அத்தனை ஆசை இல்லை. பிள்ளைகள் மனசு அப்படித்தான், இன்று ஒன்று, நாளை ஒன்று. நீ வரும்போது அதைப் பற்றி ரொம்பக் கேட்காதே. மீன் கீன் என்று அவளைத் தொந்தரவு பண்ணவும் வேண்டாம். இருக்கிற நாலு நாளும் அவளைத் தூக்கி வைத்துக்கொள், போதும்.

பொம்மை வாங்கிப் பணத்தைக் கரைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

வினார்சி


தாங்கெராங்
12 மார்ச் 1995

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள். உங்கள் நலத்துக்கு என்ன குறை?

நான் ஏன் கடைசி இரண்டு நாள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்றால் இதோ எழுதுகிறேன்.

பெருநாளுக்கு மறுநாள் முன்கட்டில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். நீங்கள் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நானும் ருக்மியும் அடுப்படியில் இருந்தோம். என்மேல் ஒட்டாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்த பிள்ளையை எப்படியாவது இழுக்கலாம் என்று, "கண்ணு, அம்மாவுக்கு ஒரு மீன் வெட்டித் தர்றியா?" என்று கேட்டேன். நீங்கள் கேட்காதே என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்டேன்.

எழுந்து போனாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு நீலக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் உட்கார்ந்து, இடது மணிக்கட்டை நீட்டி, ஊசி போடும்போது செய்வாளே, அதேபோல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னடி இது?"

"கட்டுங்க. பெரியம்மா கட்டுவாங்க. அப்பறம்தான் விளையாட்டு."

என்னை 'கட்டுங்க' என்கிறாள், வந்து போகிற விருந்தாளியிடம் பேசுவதுபோல. இடது கையைக் கட்டிப் போட்டுத்தான் அவளைப் பழக்கியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நான் கட்டவில்லை. கட்டாமலே வலது கையில் கத்தரியை எடுத்தாள். நாக்கு வெளியே வந்தது, நெற்றி வியர்த்தது, தாள் வழுக்கி வழுக்கி ஓடியது. ஒரு வெட்டுகூட விழவில்லை அக்கா. அப்புறம் என்னைப் பார்த்து, "தப்பு" என்றாள். "தப்பு, தப்பு" என்று தன்னையே சொல்லிக்கொண்டாள்.

அந்த மீனை வெட்டியது யார்? பாங்குனா? இத்தனை மாதம் யார் வீட்டுப் பிள்ளையின் மீனையோ தொட்டுத் தொட்டு நான் வேலைக்குப் போயிருக்கிறேன்.

அதற்கு முந்தின நாள்தான் ஊர் வழக்கப்படி உன் காலடியில் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்பையெல்லாம் மன்னித்துவிடு என்று கேட்டேன். என் தலையில் கை வைத்து, "மன்னிச்சேன்மா" என்றாய். பெரியவள், அதனால் நீ மண்டியிட வேண்டியதில்லை. அந்த ஒரு நாளில் என் காதோடு சொல்லியிருக்கலாமே.

'நீ' என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தவில்லை.

முன்கட்டில் அத்தனை பேர் இருக்கும்போது எப்படிக் கத்துவது?  ருக்மியிடம் மட்டும், "எந்தக் கைன்னாலும் பரவால்ல கண்ணு, அம்மாவுக்கு ரெண்டுமே பிடிக்கும்" என்று சொன்னேன். பஸ் ஜன்னலிலிருந்து மிட்டாய் நீட்டினபோது, என்னையே பார்த்தபடி மெதுவாக இடது கையை நீட்டி வாங்கினாள். எனக்கு அது போதும் என்று இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

வழியில் ஒன்று ஞாபகம் வந்தது. வந்த புதிதில் நான் எழுதிய கடிதம். 'கண்டித்தாலும் பரவாயில்லை.' கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கைக்குட்டையின் ஒரு முனையை நானும்தான் பிடித்திருக்கிறேன்.

பூர்வந்தி


தாங்கெராங்
9 ஏப்ரல் 1995

அக்கா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையா? அத்தானுக்கா? ருக்மிக்கா? என்னைத் திட்டுவதென்றாலும் இரண்டு வரி எழுதித் திட்டுங்கள். நாளைக்கும் கடிதம் இல்லையென்றால் யாரைக் கேட்பேன்?

பூர்


காராங்சாரி
23 ஏப்ரல் 1995

என் பூர்,

யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து இத்தனை நாள் ஆகிவிட்டது.

மீன் பாங்குன் வெட்டியது. கைக்குட்டை கட்டியது நான். இரண்டுக்கும் சாக்கு இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விளையாட்டில் சொல்லித் தருகிறவள், என் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கட்டிப் போட்டுச் சொல்லித் தந்தேன். சூகினெமின் சிரிப்புக்குப் பயந்தேன். இவ்வளவுதான் என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் உனக்குத் தெரியாதது இன்னும் ஒன்று இருக்கிறது. கைக்குட்டையைவிடப் பெரிது.

உன் பஸ் போன அன்றே கைக்குட்டையை அடுப்பில் போட்டேன். மறுநாள் காலையில் ருக்மி வந்து மணிக்கட்டை நீட்டினாள். "இனிமே கட்ட வேணாம்டா" என்றேன். போய்விட்டாள். அதற்கடுத்த நாளும் நீட்டினாள். கட்டாவிட்டால் கத்தரியைத் தொடுவதில்லை, சந்தை விளையாட்டுக்கும் வருவதில்லை. இடது கையை மட்டும் எப்போதும் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறாள். ரெண்டு கையுமே பிடிக்கும் என்று நீ சொல்லியிருந்தாயே, பிறகு ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை.

போன வாரம் கூடத்தில் குழு நடந்தது. தாய்மார்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மரவள்ளிக் காம்பு வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். ருக்மி என் பின்னால் வந்து, என் தோளில் கிடந்த துணியை உருவினாள். என் வலது கையைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். அவளுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. அவிழ்ந்து விழாமல் நானே பிடித்துக்கொண்டேன். பல நாள் கழித்து ஒரு விளையாட்டுக்கு வந்திருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து சூகினெம் டீ கொண்டுவந்தாள். வலது கை கட்டிக் கிடக்கிறது. இடது கையால் வாங்கினேன், அத்தனை பேர் பார்க்க. "என்ன டீச்சர், உங்களுக்கும் டவுன் காத்து அடிச்சிருச்சா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் இடது கையால் கத்தரியை எடுத்தேன்.

ருக்மி எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலை ஆட்டினாள். என் குரல் பூர். அச்சு அசல் என் குரல்.

"அது எந்தக் கை பெரியம்மா? கெட்ட கைல வெட்டுனா உங்க அம்மா வரமாட்டாங்க. சொன்னேன்ல?"

யாரோ சிரித்தார்கள்.  அவள் விடவில்லை.

"எங்க அம்மா வந்தாங்க. நான் நல்ல கைலயே எல்லாம் குடுத்தேன், அதான் வந்தாங்க. அப்பறம் பஸ்ல மிட்டாய் குடுத்தாங்க. நான் இந்தக் கைல வாங்கிட்டேன். உடனே பஸ்சு போயிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சூகினெம் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும் சொன்னேன். நீ போன பிறகு அவள் இரண்டு நாளில் சரியாகிவிட்டாள் என்று எழுதினேனே, பச்சைப் பொய். வாரக்கணக்கில் வாசலில் நின்று அழுதாள். கெட்ட கையை நீட்டினால் அம்மா வரமாட்டாங்க என்று ஒருமுறை வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கையும் அடங்கியது, அழுகையும் நின்றது. எனக்கு அது பிடித்துப்போனது பூர். பிள்ளை பெறாதவளின் மடியில் உன் பிள்ளை உன்னைக் கேட்டு அழாமல் படுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

பெரியவள் சின்னவள் காலில் விழும் வழக்கம் நம் ஊரில் இல்லை. இந்தக் கடிதத்தில் நான் விழுகிறேன். மன்னிக்க முடிந்தால் மன்னி. அவளை வந்து கூட்டிப்போவதென்றாலும் குறுக்கே நிற்கமாட்டேன். முதலில் அவளிடம் என்ன சொல்வது என்று எனக்குச் சொல்.

வினார்சி


தாங்கெராங்
7 மே 1995

அக்கா,

எல்லாரும் சுகம் என்று தெரிந்தது. நானும் இருக்கிறேன்.

கடிதத்தைக் குளியலறையில் நின்று படித்தேன். மன்னிப்பைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. பொய்யாக எழுதினால் உங்களுக்கே தெரிந்துவிடும். அவளை இங்கே கூட்டிவரவும் வழியில்லை. ஏழு பேர் அறையில் பகலெல்லாம் யார் பார்ப்பார்கள்? அவள் உங்களிடம்தான் இருக்க வேண்டும். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் நாம் இருவரும் ஒருவரையொருவர் விட்டுப் போக முடியாது.

மிட்டாயை நினைத்தால் தூக்கம் வரவில்லை. உங்கள் பேச்சை அடித்துப் போடத்தான் ரெண்டுமே பிடிக்கும் என்று சொன்னேன். அதை நம்பி நீட்டினாள். மறு நிமிஷம் நான் போய்விட்டேன். நீங்கள் சொன்னது உண்மை என்று அவளுக்குக் காட்டியது நான்தான்.

அவளிடம் இதைச் சொல்லுங்கள். 'அம்மா போனது உன் கையால் இல்லை. அம்மா வேலைக்குப் போனாங்க. நீ எந்தக் கையை நீட்டியிருந்தாலும் போயிருப்பாங்க.' இப்படியே, இதே வார்த்தைகளில். என்னை நல்லவளாக்க ஒன்றும் சேர்க்காதீர்கள். பாவம், அழுதுகொண்டேதான் போனாள் என்றெல்லாம் வேண்டாம். முன்பு அதைத் தினமும் சொன்னது மாதிரி இதையும் தினமும் சொல்லுங்கள். அவளுக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். தன் கையின்மேல் கோபமாக இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூர்


காராங்சாரி
21 மே 1995

அன்பு பூர்,

இங்கே எல்லாரும் நலம். முழங்காலுக்கு இஞ்சி அரைத்துப் போடுகிறேன். நீ சாப்பாட்டைக் குறைக்காதே.

நீ எழுதியபடியே சொன்னேன். முதல் நாள் காதில் விழாத மாதிரி கோழிக்குத் தவிடு போடப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள், "வேலைக்கா?" என்று மட்டும் கேட்டாள். நானும் தினமும் சொன்னேன். கூடத்தில் தாய்மார்கள் முன்னாலும் சொன்னேன். வாய் கசந்தது, ஆனாலும் சொன்னேன்.

உன் அத்தான் சின்னக் கத்தரியை எடுத்துப் பார்த்துவிட்டு, "திருகாணி லொடலொடன்னு கிடக்கு, இதுல எந்தக் கையால வெட்டுனாத்தான் என்ன?" என்று கத்தி முனையால் இறுக்கிக் கொடுத்தார். இடது கையில் வைத்து வெட்டிப் பார்த்தேன், வெட்டியது. இதை முதலிலேயே பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலை பின்கட்டில் மரவள்ளி இலை ஆய்ந்துகொண்டிருந்தேன். ருக்மி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சட்டைக்குள்ளிருந்து இடது கையை எடுத்தாள். கத்தரியை எடுத்து, ஒரு காம்பை லபக்கென்று வெட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இன்னொன்று வெட்டினாள். ஒரு கூறு சேர்ந்ததும், "கீரை வேணுமா?" என்று அதே கையால் நீட்டினாள். நானும் இடது கையாலேயே வாங்கி, ஓர் இலையைக் கொடுத்தேன். சிரித்தாள் பூர். நீ போன பிறகு இப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. உனக்கு இதைத்தான் எழுத வேண்டும் என்று அந்த நிமிஷமே நினைத்தேன்.

அப்புறம் அடுத்த காம்பை எடுத்தவள், வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, எந்தக் கைன்னாலும் அம்மா போயிருப்பாங்களா?"

"ஆமாடா. உன்னால இல்ல."

காம்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் நல்ல புள்ளையா இருந்தாலும் வரமாட்டாங்களா?"

இல்லடா, வருவாங்க என்று வாய்வரைக்கும் வந்தது. எப்போது என்று கேட்பாளே. பொய் சொல்வதில்லை என்று இருக்கிறேன். பதிலுக்காகக் கத்தரியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவையே கேட்போம் என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன் பூர். இதற்கு நீதான் பதில் எழுத வேண்டும். எனக்கு எழுதாதே, அவள் பெயருக்கே எழுது. நான் படித்துக் காட்டுகிறேன், ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

உன் அக்கா
வினார்சி